சுவிட்ச் எழுதிவைக்கும் லாகை எப்படிப் படிப்பது?

அலுவலகத்தில் நெட்வொர்க் படுத்துவிட்டது என்று புகார் வந்ததும் பலரும் முதலில் செய்வது, ரேக்கில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சை (கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ஆஃப் செய்து ஆன் செய்வதுதான். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். மறுநாளோ மறுவாரமோ அதே கோளாறு திரும்ப வரும். "போன தடவை என்ன காரணம்?" என்று மேலதிகாரி கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. பதில் சுவிட்சுக்குள்ளேயே இருந்தது. ஆஃப் செய்த நொடியில் அழிந்துபோனது.

மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்கக்கூடிய வகை) ஒவ்வொன்றும் தனக்கு நேர்வதை எல்லாம் நேரத்தோடு வரிவரியாக எழுதிவைக்கிறது. எந்த போர்ட் (கேபிள் செருகும் துளை) எப்போது விழுந்தது, யார் உள்ளே நுழைந்து கான்ஃபிகை, அதாவது அமைப்புகளை, மாற்றினார்கள், எந்த ஃபேன் நின்றது என்று எல்லாம் அதில் இருக்கும். இதைத்தான் லாக் என்கிறோம். மேசைக்கடியில் கிடக்கும் ஐந்து போர்ட், எட்டு போர்ட் சாதாரண சுவிட்சுகளில் இந்த வசதி கிடையாது. அவை எதையும் எழுதிவைப்பதில்லை, அதனாலேயே அவற்றில் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்தக் கட்டுரையில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகை சுவிட்சுகளை வைத்து விளக்குகிறேன். கல்லூரி, மருத்துவமனை, வங்கி என்று நம் ஊரில் பல இடங்களில் இவை இருக்கின்றன. ஒன்றைப் படிக்கப் பழகிவிட்டால் மற்ற கம்பெனி சுவிட்சுகளின் லாகும் பிடிபட்டுவிடும்.

முதலில் எடுத்து வையுங்கள்

லாக் வரிகள் சுவிட்சின் ரேமில் ஒரு சிறிய பகுதியில் சேர்கின்றன. அதற்குப் பெயர் பஃபர். கன்சோலிலோ (சுவிட்சில் நேரடியாகக் கேபிள் செருகி) எஸ்எஸ்ஹெச் வழியாகவோ (நெட்வொர்க் மூலம் தூரத்திலிருந்து) நுழைந்து "ஷோ லாகிங்" என்று அடித்தால் அதில் உள்ளது அனைத்தும் திரைக்கு வரும். இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். கரன்ட் போனாலோ சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆனாலோ பஃபர் காலி. அப்புறம், அது ரொம்பச் சின்னது. பல சிஸ்கோ மாடல்களில் நாம் மாற்றாதவரை 4096 பைட்தான். ஒரு வரி சராசரியாக 100 எழுத்து என்று வைத்தால், நாற்பது வரிதான் நிற்கும். நாற்பத்தோராவது வரி வரும்போது முதல் வரி அழிக்கப்படும். காலையில் ஒரு தளம் முழுக்க கம்ப்யூட்டர்களை ஆன் செய்தாலே நாற்பது வரி ஓடிவிடும். இரவு நடந்த கோளாறின் தடயம் அதோடு போயிற்று.

அதனால் புதிதாக ஒரு சுவிட்சின் பொறுப்பு கைக்கு வந்தால் நான் முதலில் செய்யச் சொல்வது "லாகிங் பஃபர்டு 65536" என்ற ஒரே ஒரு கட்டளையை. நாற்பது வரி அறுநூறுக்கு மேல் ஆகிவிடும். கோளாறு வந்தால், ஆஃப் பட்டனைத் தொடும் முன் "ஷோ லாகிங்" கொடுத்து, வருவதை அப்படியே காப்பி செய்து ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள். சுவிட்ச் முழுதாக உறைந்துபோயிருந்தால் வேறு வழியில்லை. மற்ற நேரங்களில் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாமல் ரீஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது

திரையில் வரிகள் ஆங்கிலத்தில் வரும். அவற்றை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

மார்ச் 14 10:42:07.318: %லிங்க்-3-அப்டவுன்: இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட்1/0/12, சேஞ்ஜ்டு ஸ்டேட் டு டவுன்

முதலில் இருப்பது நேரம், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை. சதவீதக் குறிக்குப் பின் வரும் "லிங்க்" என்பது சுவிட்சுக்குள் எந்தப் பகுதி இதைச் சொல்கிறது என்பது. அடுத்த 3 தீவிரத்தின் அளவு. "அப்டவுன்" என்பது அந்தச் செய்தி வகையின் சுருக்கப்பெயர். கடைசியில் இருப்பது விவரம்: ஸ்டேக்கில் (ஒன்றாக இணைத்த சுவிட்ச் அடுக்கில்) முதல் சுவிட்ச், அதில் 12ஆவது போர்ட், கீழே விழுந்துவிட்டது. எல்லா வரிக்கும் இந்த அமைப்புதான். புரியாத வரி வந்தால் சதவீதக் குறியிலிருந்து முக்காற்புள்ளிவரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துத் தேடுங்கள். போர்ட் எண்ணையும் நேரத்தையும் சேர்த்துத் தேடினால் எதுவும் கிடைக்காது.

தீவிரத்தின் அளவு 0 முதல் 7 வரை. இதில் புதியவர்கள் தடுமாறுவது உண்டு, ஏனென்றால் எண் குறையக் குறைய விஷயம் பெரிது, பரீட்சை ரேங்க் மாதிரி. 0 எமர்ஜென்சி, 1 அலர்ட், 2 கிரிட்டிக்கல், 3 எரர், 4 வார்னிங், 5 நோட்டிஃபிகேஷன், 6 இன்ஃபர்மேஷனல், 7 டீபக். 0 வருவதை வேலையில் இருக்கும் காலம் முழுக்கப் பார்க்காமலே இருக்கலாம். 7 என்பது நாமே டீபக்கை (உள்ளே நடக்கும் ஒவ்வொன்றையும் எழுதும் வசதி) ஆன் செய்தால் கொட்டுவது. பரபரப்பான சுவிட்சில் அதை ஆன் செய்து மறந்துவிட்டால் பிராசஸர் திணறும், ஜாக்கிரதை.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கட்டுரையின் மையம். எண்ணை முடிவு செய்தது சுவிட்சைச் செய்த கம்பெனி. 12ஆவது போர்ட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்பது அந்த கம்பெனிக்குத் தெரியாது. மாலை ஆறு மணிக்கு அக்கவுன்ட்ஸ் அம்மா கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் "லிங்க்-3", அதாவது எரர். சர்வர் ரூமுக்குப் போகும் அப்லிங்க் (சுவிட்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் முக்கிய லிங்க்) விழுந்தாலும் அதே "லிங்க்-3". இன்னொரு பக்கம், யாரோ கான்ஃபிகை மாற்றினார்கள் என்று சொல்லும் "சிஸ்-5-கான்ஃபிக்_ஐ" வெறும் 5. ஆனால் நேற்றுவரை ஓடிய நெட்வொர்க் இன்று ஓடவில்லை என்றால் நான் முதலில் தேடுவது அந்த 5-ஐத்தான். எந்த யூசர், எந்த ஐபி முகவரியிலிருந்து நுழைந்தார் என்பதும் அந்த வரியிலேயே இருக்கும்.

ஆகவே 0 முதல் 3 வரை உள்ளதை மட்டும் பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். எது முக்கியம் என்பதை, எந்த போர்ட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு முக்கிய போர்ட்டுக்கும் டிஸ்கிரிப்ஷன் எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும்.

எண்ணைவிட ஒரு சொல் அதிகம் பேசும் இடமும் உண்டு. போர்ட் "டவுன்" என்று வந்தால் கேபிளோ எதிர்முனையோ போயிருக்கிறது. "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்று வந்தால் யாரோ கட்டளை கொடுத்து மூடியிருக்கிறார்கள். இரண்டாவதற்கு ஏணி போட்டு ஏறி கேபிளை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

நடந்ததும் நடந்துகொண்டிருப்பதும்

ஈவென்ட் என்பது ஒரு நொடியில் நடந்து முடிவது: போர்ட் மேலே வந்தது, யாரோ லாகின் செய்தார். ஃபால்ட் என்பது சரிசெய்யும்வரை தொடரும் நிலை: ஃபேன் நின்றிருக்கிறது, இரட்டை பவர் சப்ளையில் ஒன்று செத்திருக்கிறது. லாக் பெரும்பாலும் முதல் வகையைத்தான் எழுதும். இரவு இரண்டு மணிக்கு ஃபேன் நின்றதற்கு ஒரு வரி விழும். காலை பத்து மணிக்குள் அந்த வரி பஃபரிலிருந்து தள்ளப்பட்டுவிடும். ஃபேன் இன்னும் ஓடாமல்தான் இருக்கும். எனவே லாகில் இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. "ஷோ என்வ் ஆல்" என்று அடித்து ஃபேன், வெப்பநிலை, பவர் சப்ளையின் இப்போதைய நிலையையும் பார்க்க வேண்டும். ஏசி அணைக்கப்படும் அலுவலகங்களில், கதவு மூடிய ரேக்கில் வெப்பநிலை எச்சரிக்கை கோடையில் சாதாரணமாக வரும்.

ஹெச்பி புரோகர்வ் சுவிட்சுகள் இதில் ஒரு படி மேலே போயின. லாக் வரிகளுக்கு எண்ணுக்குப் பதிலாக ஐ, டபிள்யூ, எம், டி என்ற எழுத்துகள் இருக்கும்: தகவல், எச்சரிக்கை, பெரிய பாதிப்பு, டீபக். கூடவே ஃபால்ட் ஃபைண்டர் என்ற வசதி ஒவ்வொரு போர்ட்டையும் கவனித்து, பிழைகள் ஒரு அளவைத் தாண்டினால் "எஃப்எஃப்ஐ" என்று தொடங்கும் வரியை எழுதும். இந்த போர்ட்டில் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்து வந்த டேட்டா) அளவுக்கு மீறியிருக்கின்றன என்று அது சொன்னால், கேபிளையோ எதிர்முனை நெட்வொர்க் கார்டையோ பார்க்க வேண்டும்.

தனி வரியைப் படிக்காதீர்கள்

ஒரு வரி அரிதாகவே முழுக்கதையைச் சொல்லும். முன்னும் பின்னும் வரும் வரிகளும், அவற்றுக்கு இடையே உள்ள நேரமும் சேர்ந்துதான் கதை. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். காலை 10:20-க்குத் தளம் முழுவதும் நெட் இல்லை என்று போன் வருகிறது. லாகில் நூறு வரிக்கு மேல் "எஸ்டபிள்யூ_மேட்எம்-4-மேக்ஃபிளாப்_நோட்டிஃப்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). ஆனால் எல்லாமே 7ஆவது போர்ட்டுக்கும் 24ஆவது போர்ட்டுக்கும் இடையே மாறி மாறித் தாவுகின்றன. 24 அப்லிங்க். மேலே போய், இந்த வெள்ளம் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். 10:15:31-க்கு ஒரு சாதாரண வரி: 7ஆவது போர்ட் அப். ஐந்து நொடி கழித்து முதல் மேக்ஃபிளாப்.

இப்போது விஷயம் புரிந்துவிட்டது. 10:15-க்கு யாரோ 7ஆவது போர்ட்டில் எதையோ மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் மேசைக்கடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அதில் தனியாகத் தொங்கிய பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் யாரோ அதே குட்டி சுவிட்சில் செருகியிருப்பார்கள். அதுதான் லூப். உள்ளே போகும் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் செய்தி) எல்லாம் சுற்றிச் சுற்றி அதே போர்ட் வழியாகத் திரும்பி வருகிறது. அப்லிங்க் பக்கம் இருக்கும் சர்வரின் முகவரி 7ஆவது போர்ட்டிலும் தென்படுவதால் பெரிய சுவிட்ச் குழம்பிப்போகிறது. லூப்பைக் கண்டு தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ வசதி காப்பாற்றாதா என்று கேட்கலாம். அந்தக் குட்டி சுவிட்ச் ஸ்பானிங் ட்ரீ செய்திகளை விழுங்கிவிடும் வகையாக இருந்தால், பெரிய சுவிட்சுக்கு லூப் இருப்பதே தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது, நூறு வரியில் சாவியாக இருந்தது மேக்ஃபிளாப் வரி கிடையாது, அதற்கு முன் வந்த ஒரு "போர்ட் அப்" என்பதுதான். கீழிருந்து மேலே போய், அமைதி குலைந்த முதல் நொடியைக் கண்டுபிடிப்பது லாக் படிப்பதில் பாதி வேலை.

மேக்ஃபிளாப்பைக் கண்டதும் லூப் என்று ஓடவும் வேண்டாம். வைஃபையில் ஒருவர் லேப்டாப்போடு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்தால், அவர் முகவரி ஒரு ஆக்சஸ் பாயின்ட் போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். ஒரே முகவரி, எப்போதாவது ஒன்றிரண்டு வரி என்றால் அது இயல்பு. பல முகவரிகள், நிற்காமல், ஒரே இரு போர்ட்டுக்கு இடையே என்றால்தான் லூப்பைத் தேட வேண்டும்.

பிபிடியு கார்டு (ஸ்பானிங் ட்ரீ செய்தி உள்ளே வந்தால் போர்ட்டை மூடிவிடும் காவல்) போட்ட போர்ட்டாக இருந்து, அந்தக் குட்டி சுவிட்ச் செய்திகளை விழுங்காத வகையாகவும் இருந்தால், கதை வேறு மாதிரி போகும். முதலில் "ஸ்பான்ட்ரீ-2-பிளாக்_பிபிடியுகார்டு", உடனே "பிஎம்-4-எர்ர்_டிசேபிள்", அப்புறம் லிங்க் டவுன். சுவிட்ச் அந்த போர்ட்டைத் தானே மூடிவிட்டது. தளம் பிழைத்தது, ஒரு மேசை மட்டும் செத்தது. இந்த மூன்று வரியைப் பார்க்காதவர் கேபிளை மாற்றுவார், கம்ப்யூட்டரை மாற்றுவார், கடைசியில் போர்ட் போய்விட்டது என்று ஒட்டுக் காகிதம் ஒட்டிவிடுவார். காரணத்தை எடுத்துவிட்டு, போர்ட்டை ஒருமுறை "ஷட்", பிறகு "நோ ஷட்" செய்தால் போதும். தானாக மீளும் வசதியை ஆன் செய்திருந்தால், வேறு மதிப்பு கொடுக்காதவரை 300 நொடி கழித்து சுவிட்சே திறந்து பார்க்கும். லூப் அங்கேயே இருந்தால் மறுபடி மூடும். லாகில் சரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வரிகள் வரும்.

இந்த இடைவெளியை நான் ரொம்பவே முக்கியமாகப் பார்ப்பேன். ஒழுங்கான இடைவெளியில் நடப்பதற்குப் பின்னால் ஒரு டைமர் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் விழும் போர்ட்டுக்குப் பின்னால் கரன்ட், யுபிஎஸ், யாரோ ஒருவரின் வேலைநேரம் என்று ஏதாவது இருக்கும். எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுந்து எழுந்தால் தளர்ந்த பிளக், நாற்காலி இடிக்கும் கேபிள், எலி கடித்த வயர் என்று தேடலாம். கம்ப்யூட்டர் தூங்கப் போகும்போது நெட்வொர்க் கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைக்கும். அப்போதும் ஒரு டவுன், சில நொடியில் ஒரு அப் வரும். அதில் கோளாறு எதுவும் இல்லை.

லாக் பேசாத இடம்

லிங்க் மேலேயே இருக்கிறது, ஆனால் நெட் நத்தை வேகத்தில் போகிறது. லாகில் ஒரு வரியும் இல்லை. இங்கே கவுன்டர்களைப் பார்க்க வேண்டும். "ஷோ இன்டர்ஃபேஸஸ்" கொடுத்தால் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை சிஆர்சி பிழை, எத்தனை லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் மோதல்) என்று வரும். சிஆர்சி கூடினால் கெட்ட கேபிள், சரியாகக் கிரிம்ப் செய்யாத பிளக், 100 மீட்டரைத் தாண்டிய தூரம், அழுக்கான ஃபைபர் முனை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஒருமுனையில் டூப்ளெக்ஸை (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிந்தால் ஃபுல், மாறி மாறி என்றால் ஹாஃப்) ஃபுல் என்று கையால் பூட்டி, மறுமுனையை ஆட்டோவில் விட்டிருந்தால், 100 மெகாபிட் லிங்கில் ஆட்டோ முனை ஹாஃபுக்கு இறங்கிவிடும். ஹாஃப் முனையில் லேட் கொலிஷனும், ஃபுல் முனையில் சிஆர்சியும் ஏறும். இரண்டு முனையும் சிஸ்கோவாக இருந்தால் "சிடிபி-4-டூப்ளெக்ஸ்_மிஸ்மேட்ச்" என்று லாக் நேராகவே சொல்லிவிடும்.

கவுன்டரில் பெரிய எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது சுவிட்ச் ஆன் ஆன நாளிலிருந்து சேர்ந்ததாக இருக்கலாம். பூஜ்யமாக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இப்போதும் ஏறுகிறதா என்பதே கேள்வி.

நேரம் சரியாக இல்லாவிட்டால்

சில லாகுகளில் எல்லா வரியும் மார்ச் 1 என்று இருக்கும், முன்னால் ஒரு நட்சத்திரக் குறியோடு. நேரம் சொல்லித்தரப்படாத பல சிஸ்கோ கருவிகள் 1993 மார்ச் 1 நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கும். அந்த நட்சத்திரம், இந்த நேரத்தை நம்பாதே என்று சுவிட்சே சொல்வது. அதற்குப் பதில் ஒரு புள்ளி இருந்தால், முன்பு என்டிபி சர்வரோடு (நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் சர்வர்) சரியாக இருந்தது, இப்போது தொடர்பு போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு சுவிட்ச் மட்டும் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். பத்து சுவிட்ச், ஒரு ஃபயர்வால், இரண்டு சர்வர் என்று இருக்கும்போது, எது முதலில் விழுந்தது என்று தெரிய எல்லாவற்றின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே என்டிபி சர்வரோடு இணையுங்கள். நேர மண்டலத்தை 5 மணி 30 நிமிடம் என்று கொடுங்கள். இதை மறந்தால் லாக் உலகப் பொது நேரத்தில் வரும். பகல் மூன்றரைக்கு வந்த புகாருக்கான வரி லாகில் காலை பத்து மணிக்குக் கீழே இருக்கும், நீங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வெளியே ஒரு பிரதி

பஃபரை எவ்வளவு பெரிதாக்கினாலும் கரன்ட் போனால் அது போய்விடும். ஆகவே ஒவ்வொரு வரியும் விழும்போதே இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு பிரதி போக வேண்டும். அதற்குப் பெயர் சிஸ்லாக். 1980களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லியில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக இதை எழுதினார். பிறகு எல்லாக் கருவியும் இதையே பேசத் தொடங்கின. 2009-இல் ஆர்எஃப்சி 5424 என்ற ஆவணமாக இதன் விதிகள் வகுக்கப்பட்டன. மேலே பார்த்த 0 முதல் 7 வரையிலான அளவும் சிஸ்லாக்கின் பழக்கம்தான்.

சர்வரில் வந்து சேரும் வரியின் தொடக்கத்தில் 189 போல ஒரு எண் தெரியலாம். வரி எந்த வகையைச் சேர்ந்தது என்ற எண்ணை எட்டால் பெருக்கி, தீவிரத்தைக் கூட்டினால் வருவது அது. சிஸ்கோ பொதுவாக லோக்கல்7 என்ற வகையில் அனுப்பும், அதன் எண் 23. 23-ஐ 8-ஆல் பெருக்கினால் 184, தீவிரம் 5 சேர்த்தால் 189. 187 என்று வந்தால் தீவிரம் 3.

ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஆர்சிஸ்லாக் (சிஸ்லாக் வரிகளை வாங்கிச் சேர்க்கும் மென்பொருள்) ஓட்டினாலே சிறிய அலுவலகத்துக்கு இது போதும். சுவிட்சில் "லாகிங் ஹோஸ்ட்" என்று அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். ஊழியர்களின் கம்ப்யூட்டர் போர்ட்டுகளில் "நோ லாகிங் ஈவென்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்" கொடுத்தால் காலையும் மாலையும் வரும் அப், டவுன் கூச்சல் நின்றுவிடும். அப்லிங்க், சர்வர், ஆக்சஸ் பாயின்ட், கேமரா போர்ட்டுகளில் இதைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தியாவில் இதற்குச் சட்டத் தேவையும் இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் தகவல் தொழில்நுட்பக் கருவிகளின் லாகை 180 நாளுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு ஒத்திசைக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. 4096 பைட் பஃபரை வைத்துக்கொண்டு 180 நாளைக் காட்ட முடியாது.

சர்வர் வந்துவிட்டது என்று பஃபரைக் கைவிடவும் கூடாது. சிஸ்லாக் வழக்கமாக யுடிபி என்ற அனுப்பும் முறையில் 514 என்ற போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது கேபிள் துளை அல்ல, மென்பொருளுக்கான எண்) போகும். யுடிபியில் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. சர்வருக்குப் போகும் அப்லிங்க்கே விழுந்தால், அது விழுந்ததைச் சொல்லும் வரிக்குப் போக வழி இருக்காது. சர்வரில் அந்த இடத்தில் சில நிமிட வெற்றிடம் மட்டும் தெரியும். அந்த வரி சுவிட்சின் பஃபரில்தான் இருக்கும், நேரில் போய் கன்சோல் கேபிளைச் செருகித்தான் அதை எடுக்க வேண்டும்.